பிரேக்கில் இருந்த கால்

மெக்கானிக் மாலை நான்கு மணிக்கே வந்துவிட்டார். ஆனாலும் கட்டடத்தின் அடித்தளத்தில் விளக்குப் போட வேண்டியிருந்தது. ஈரச் சிமெண்ட் வாசனை, பழைய ரப்பர் வாசனை, எங்கோ ஒரு குழாயில் விட்டுவிட்டுச் சொட்டும் நீர். சுவரைப் பார்த்தபடி, மூன்று மாதமாக உறை போர்த்திக் கிடந்தது கார். அவள் உறையை உருவிக் கதவைத் திறந்தாள். உள்ளிருந்து வெதுவெதுப்பாய் ஒரு காற்று முகத்தில் பட்டது, யாரோ அப்போதுதான் இறங்கிப் போனதைப் போல.

கணவர் இறந்துபோன பிறகு அதை யாரும் எடுக்கவில்லை. அவளுக்கு ஓட்டத் தெரியாது. தங்கை தனக்கு வேண்டும் என்று கேட்டாள். பழைய இரும்புக்குப் போட்டாலும் போடுவேனே தவிர உனக்கில்லை என்பதை, அக்காக்கள் சொல்லும் விதத்தில், வேறு வார்த்தைகளில் சொல்லியாகிவிட்டது. ஆனால் இரும்புக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போகவும் வழியில்லை. கியர், நிறுத்தி வைக்கும் 'பி'யிலேயே இறுகிக் கிடந்தது. மெக்கானிக்கை அழைத்து வந்ததும் தங்கைதான்.

அவர் ஓட்டுநர் இருக்கையில் அக்காவை உட்கார வைத்து, விஷயத்தை விளக்கினார். பிரேக்கில் கால் அழுந்தினால்தான் கியரின் பூட்டு திறக்கும். திறந்தால் கியர் கம்பிக்கு அடியில் 'டக்' என்று கேட்கும். காலில்லாமல் கியர் நகராது.

"ஆட்டோமேட்டிக் வண்டிக்கு வயசாயிட்டா மாமியார் மாதிரிக்கா. காலைப் பிடிச்சாத்தான் இறங்கி வரும்."

அவள் மிதித்தாள். அவர் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, சிவப்பு விளக்கு எரிகிறது, சுவிட்ச் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். ஃபியூஸும் சரி. கியர் பக்கத்துச் சின்ன மூடியைப் பெயர்த்து, துளைக்குள் ஸ்க்ரூடிரைவரை விட்டு அழுத்தியும் பார்த்தார். அதிலும் திறக்கவில்லை. உள்ளே எதுவோ எதிர்த்துப் பிடிப்பதாக முணுமுணுத்தார்.

"நான் உக்காந்து பாக்கட்டுமா?" என்றாள் தங்கை.

டக்.

எண்ணெய் விட்ட தாழ்ப்பாள் போலக் கியர் வழுக்கிக்கொண்டு வந்தது.

மாற்றி மாற்றி மூன்று முறை பார்த்தார்கள். மூன்று முறையும் அவளுக்கு அசையவில்லை, தங்கைக்கு அசைந்தது. மிதிக்கும் அழுத்தத்தில் வித்தியாசம் இருக்கலாம் என்றார் மெக்கானிக். அவள் தலையாட்டினாள்.

தங்கைக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவள் கணவர்தான், இதே காரில். ஆறு ஞாயிற்றுக்கிழமைகள். கியரில் இருந்த தங்கையின் கைமேல் தன் கையை வைத்து, இப்படி, இப்படி என்று. இருவரும் சிரித்துக்கொண்டே திரும்பி வருவார்கள். இவள் கதவைத் திறந்துவிடுவாள். எனக்கும் சொல்லித்தாங்களேன் என்று ஒருநாள் கேட்டதற்கு, நானிருக்கும்போது உனக்கெதுக்கு என்றார். அதைப் பல பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். பெருமை இல்லை என்பது சொல்லும்போதே தெரியும்.

பேட்டரி ஏறட்டும், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, வேறு சாமான் எடுக்க மெக்கானிக் மேலே போனார். அவள் மறுபடி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, வீம்பாய்ப் பிரேக்கை மிதித்திருந்தாள். தங்கை காரின் முன்னால், சுவரில் சாய்ந்து நின்றாள்.

"இதை எனக்கே குடுத்துடேன்க்கா. இதுக்கு என் கைதான் பழக்கம்."

"காருக்கா, அத்தானுக்கா?"

தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "செத்தவரைப் போயி…"

குழாய் சொட்டுவது நின்றிருந்தது.

டக்.

முதல் முறையாக அவளுக்குத் திறந்தது. பதினாறு வருடம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்த்த கியர் எழுத்துகள்தாம். ஒவ்வொன்றாய்த் தாண்டி, முன்னே ஓட்டும் 'டி'க்கு இழுத்தாள். முன்னால் தங்கை, அவளுக்குப் பின்னால் சுவர். நடுவில் ஒரு முழம் இடம்.

காலை எடுத்தால் போதும்.

அந்த எண்ணம் தன்னுடையதுதான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

காலை எடுத்தாள்.

கார் நகரவில்லை.

குனிந்து பார்த்தாள். அவளுடைய இரண்டு கால்களும் தரையில் இருந்தன. பிரேக் மட்டும் அடிவரை அழுந்திக் கிடந்தது. கண்ணாடியில், பின்னாலிருந்த தூண் சிவப்பாகத் தெரிந்தது.

அவள் ஆக்சிலேட்டரை மிதித்தாள். இன்ஜின் அலறியது. கார் கயிற்றில் கட்டிய மாடாய் நடுங்கியது. ஓர் அங்குலம்கூட முன்னே போகவில்லை.

"அக்கா?"

கியரில் இருந்த அவள் கைமேல் ஒரு கனம் இறங்கியது. பெருவிரல் அடியில் காய்த்துப்போன அந்தச் சொரசொரப்பு அவளுக்குத் தெரியும். அவசரமே இல்லாமல், கற்றுக்கொடுப்பவரின் பொறுமையோடு, அது அவள் கையைக் கூட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனது.

இப்படி. இப்படி.

'பி'.

இத்தனை வருடம் அவள் ஏங்கிய தொடுகை. அதுவும் தங்கைக்காக.

மெக்கானிக் இறங்கி வந்தபோது அவள் வெளியே நின்றிருந்தாள். தங்கையின் முகத்தைப் பார்க்காமல் சாவியை நீட்டி, எடுத்துக்கிட்டுப் போ என்றாள். தங்கை சாவியை வாங்கிக்கொண்டு காரில் ஏறினாள். கார் ஒரு முனகலும் இல்லாமல் பின்வாங்கித் திரும்பி, சரிவில் ஏறி வெளிச்சத்துக்குள் மறைந்தது. போகட்டும். இருவரும் சேர்ந்தே போகட்டும்.

பிறகுதான் உணர்ந்தாள். அந்தக் கனம் இன்னும் அவள் கைமேலேயே இருந்தது.

கணவர் போகவில்லை. தங்கையோடு போகவில்லை. மூன்று மாதத்தில் முதல் முறையாக அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

"மேல போலாமாக்கா?" மெக்கானிக் படியில் காத்திருந்தார்.

போகலாம் என்று அவள் அடியெடுத்து வைக்கப் பார்த்தாள்.

வலது கால் வரவில்லை. பாதத்தின்மேல் இன்னொரு பாதம், நிதானமாக, அடிவரை அழுத்திக்கொண்டிருந்தது.