பத்து நொடி மூச்சு

காலை 9.40. கண்ணாடிக் கூடாரத்துக்குள் ஒரே வெண்பனி. ஆர்க்கிட் நாற்றுகள் கனவில் பார்த்த முகங்களாக மிதந்தன, பாதி துவண்டுபோய். ஈரப்பதத் திரையில் பூஜ்ஜியம். அதை நம்பிய பனித்தெளிப்பான் விடியற்காலையிலிருந்து ஓய்வில்லாமல் பொழிந்திருக்கிறது. தோட்டக்காரர் வந்துதான் கையால் நிறுத்தினார்.

பழுது பார்ப்பவளை மூத்தவர்கள்கூட ‘மீட்டரக்கா’ என்றே கூப்பிடுவார்கள். அவளிடம் பண்ணையின் இயக்குநர், தோட்டக்காரரின் வேலைநீக்கக் கடிதத்தை ஆட்டிக் காட்டினார். பன்னிரண்டு மணிக்குக் கையெழுத்து.

“கன்ட்ரோல் பெட்டி மேல இவன் தண்ணிய ஊத்தியிருக்கான். சிப் செத்துப்போச்சு. போன செவ்வாய்க்கிழமை விருந்தாளிங்க முன்னாடி சென்சார்ல மூச்சு விட்டேன், நம்பர் சட்டுனு துள்ளுச்சு. கைதட்டுனாங்க, தெரியுமா!”

“நீங்க அப்ப எங்கண்ணே?” மீட்டரக்கா தோட்டக்காரர் பக்கம் திரும்பினாள்.

“மக பிரசவம். திங்கள்லேர்ந்து புதன் வரைக்கும் லீவுக்கா” என்றார் தோட்டக்காரர், மண்ணைப் பார்த்தபடி.

“பெட்டிச் சாவி?”

“ஒண்ணே ஒண்ணுதான். என்கிட்ட!” இயக்குநர் கொத்தைக் குலுக்கினார். சாவிகள் குலுங்கும் அளவுக்கே பதவியின் கனம் என்பது அவர் எண்ணம்.

10.15. பெட்டிக்குள் ஒரு சொட்டு ஈரமில்லை. பெட்டியை அமைத்தபோது, சென்சார் கம்பி சிப்புக்குள் நுழையும் வாசலில் அவள் இரண்டு காவலர்களை வைத்திருந்தாள்: மின்னோட்டத்தை அடக்கும் ரெசிஸ்டர், திடீர் மின் உதையை விழுங்கும் கெபாசிட்டர். முதலாவதன் இடத்தில் ஒரு மொட்டைக் கம்பி. இரண்டாவது இல்லவே இல்லை.

ஈரப்பதப் பதிவுத்தாளை விரித்தாள். திங்கள்வரை கோடு தூங்குகிறவன் மூச்சு போல. செவ்வாயிலிருந்து தெளிப்பானின் பம்ப் கிளம்பும்போதெல்லாம் கோட்டில் முள்ளாக ஒரு துள்ளல்.

11.50.

“பம்ப் கிளம்பறப்ப இந்த நீளக் கம்பியில ஒரு உதை வரும் சார். வாங்கிக்க ஆளில்ல. நாலஞ்சு நாள் சிப்பே நேரா வாங்கிச்சு, இன்னிக்குப் போய்ச் சேர்ந்துடுச்சு.”

“அதான், இவன்தான் கழட்டியிருப்பான்!”

“அது ரெண்டும் இருந்தா, மூச்சு விட்டதும் நம்பர் ஆடி அசைஞ்சு ஏறப் பத்து செகண்ட் ஆகும். நான் வச்ச கணக்கு அது. உங்களுக்குத்தான் சட்டுனு துள்ளிச்சே? அப்பவே ரெண்டும் இல்ல. இவரு லீவு. சாவி உங்ககிட்ட. கழட்டினது நீங்கதான் சார்.”

“விருந்தாளிங்க பத்து செகண்ட் சும்மா நிப்பாங்களாம்மா?” என்றார் இயக்குநர். சொன்ன பிறகுதான் வாயை மூடினார்.

மீட்டரக்கா கடிதத்தை வாங்கிப் படித்தாள்.

“காரணம் ‘கவனக்குறைவு’. சரியாத்தான் எழுதியிருக்கீங்க. பேரை மட்டும் மாத்திடுங்க” என்று திருப்பி நீட்டினாள்.

தோட்டக்காரர் அன்று முதல் முறையாக நிமிர்ந்தார். பனி மெல்ல விலகியது. முதலில் தெளிவாகத் தெரிந்தது, நாலாக மடிந்து, கையெழுத்தில்லாமலே இயக்குநரின் சட்டைப்பைக்குள் ஒளிந்துகொண்டிருந்த அந்தக் கடிதம்தான்.