பின்பக்கக் கிணற்று மூடி

ஜம்பு டம்ளரை உதட்டில் வைத்துத் தண்ணீர் குடித்தார்.

ரஞ்சனா பார்த்துக்கொண்டே நின்றாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷர் எச்சில் பண்ணிக் குடித்து அவள் பார்த்ததில்லை. ஓடுகிற லோக்கல் ரயிலில் நசுங்கிக்கொண்டு நின்றாலும் பாட்டிலை அண்ணாந்துதான் குடிப்பார். பக்கத்து ஆளின் சட்டை நனைந்தால் அது அந்த ஆளின் பாடு. அப்பேர்ப்பட்டவர் கிணற்றங்கரைக் கல்லில் உட்கார்ந்து, டம்ளரின் விளிம்பைப் பல்லால் கவ்வி, உறிஞ்சி உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தார். களைப்பு, என்று அவள் நினைத்துக்கொண்டாள். மே மாசத்து வெயிலில் கிணற்றில் இறங்கி ஏறின மனுஷருக்கு ஆசாரம் எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது.

சனிக்கிழமை காலையிலேயே ஆரம்பித்த கூத்து இது. மும்பை செம்பூரில் அவர்கள் இருப்பது பழைய இரண்டு மாடிக் கட்டடத்தின் தரைத்தளம். சமையலறைக்குப் பின்னால், காம்பவுண்டு சுவர் வரைக்கும் கொஞ்சம் மண் தரை. சொசைட்டிக்காரர்கள் அதற்கு கார்டன் என்று பெயர் வைத்திருந்தார்கள். அங்கே ஒரு மாமரம், நாலு வாழை, மேல்வீட்டுக்காரர்கள் வீசிய சாமான்கள், எல்லாவற்றுக்கும் அடியில் இரும்பு மூடி போட்ட ஒரு பழைய கிணறு. கொசு மருந்து அடிக்க வந்த முனிசிபாலிட்டி ஆள், மழைக்கு முன்னால் மூடியைச் சுற்றி சிமென்ட் பூசிவிடச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அதற்குத்தான் இந்த வார லீவு முழுக்கப் போயிற்று.

எடுத்த காரியம் எதுவும் உருப்படவில்லை. அரிவாளின் பிடி பிளந்தது. தண்ணீர்க் குழாய் நடுவில் வெடித்து அடுப்படி வரைக்கும் சேறாயிற்று. ஃப்யூஸ் போனது. மேஸ்திரி சாய்நாத் மணலையும் சிமென்டையும் இறக்கிவிட்டு, கோவண்டியில் மச்சினிக்கு உடம்பு சரியில்லை என்று போனவன் போனவன்தான். ஒவ்வொன்றுக்கும் ஜம்பு ரஞ்சனாவைத் திட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். மாமியாரைப் படுக்கையில் வைத்துப் பார்த்த வருஷங்களிலேயே அவளுக்குள் ஏதோ மரத்துப்போயிருந்தது. திட்டு காதில் விழும்; அதற்கு மேல் எங்கும் போகாது.

ஞாயிற்றுக்கிழமை, பூசுவதற்கு முன்னால் உள்ளே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க மூடியைத் தூக்கினார்கள். ஜம்பு குனிந்தார். மூக்குக் கண்ணாடி நழுவி, கீழே செங்கல் விளிம்பு ஒன்றில் போய் உட்கார்ந்தது. கண்ணாடிக்காக ஒருத்தர் கிணற்றில் இறங்குவாரா? ஜம்பு இறங்குவார். அது இல்லாமல் அவருக்கு எதிரில் நிற்கிற ஆளே தெரியாது. மாமரத்தில் கயிற்றைக் கட்டி உள்ளே விட்டு, அதைப் பிடித்துக்கொண்டு, சுவரில் பதித்த இரும்புப் படிகளில் கால் வைத்து இறங்கினார். ரஞ்சனா மேலே நின்றாள். அடுப்படியில் குக்கர் கத்தியது.

"எத்தனை விசில் விடுவே? போய் அணைச்சுட்டு வாடி. நான் நன்னாத்தான் நிக்கறேன்" என்று உள்ளேயிருந்து எரிந்து விழுந்தார்.

போய் அணைத்துவிட்டு வந்தாள். அவ்வளவுதான். அதற்குள் அவர் மேலே ஏறி, மூடியையும் தள்ளி மூடிவிட்டு, கல்லில் உட்கார்ந்திருந்தார். தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். கயிறு பக்கத்தில் சுருட்டி வைத்திருந்தது. அதில் ஈரமே இல்லை.

"கண்ணாடி?" என்றாள்.

"வேண்டாம். நன்னாத் தெரியறது" என்றார். தண்ணீர் கேட்டார்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார்கள். உப்பு குறைச்சல் என்று ரஞ்சனாவுக்கே தெரிந்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து, "நீ சாப்ட்டியா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை அவள் அந்த வாயிலிருந்து கேட்டதே இல்லை. கேட்க மாட்டாரா என்று ஏங்கின காலம் ஒன்று உண்டு. இப்போது கேட்டதும் அவள் கரண்டியை வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து பாசி வாடை, பாசிக்கும் கீழே வேறு ஏதோ பழைய வாடை, ரொம்ப நாள் மூடி வைத்த பாத்திரத்தைத் திறந்ததுபோல மெதுவாகக் கிளம்பி, ரசத்தின் மேலும் மோரின் மேலும் படிந்துகொண்டிருந்தது. சட்டை மாற்றச் சொன்னாள். மாற்றினார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சட்டையும் நனைந்திருந்தது.

மகள் ஸ்ரீலேகா பரீட்சைக்குப் படிக்கிறவள், காதில் ஹெட்ஃபோனோடு அடுப்படிக்கு வந்தாள்.

"அம்மா, பப்பா மூட் இன்னிக்கு ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ். என்னை ஒண்ணுமே சொல்லல."

"நீ உள்ள போய் உக்காரு. கதவச் சாத்திக்கோ."

"ஏன்?"

"கொசு" என்றாள் ரஞ்சனா.

சாயங்காலம் அவரே சிமென்ட் கலந்தார். பலகையில் ஆணி அடிக்கத் தெரியாத மனுஷர், இரும்புச் சட்டியில் மணலையும் சிமென்டையும் போட்டு, கையாலேயே பிசைந்தார். மூடியின் விளிம்பைச் சுற்றி அப்பி, கரணையால் இழுத்து இழுத்து வழவழப்பாகப் பூசிக்கொண்டு வந்தார். ரஞ்சனாவின் வேலை வாளியிலிருந்து தண்ணீர் ஊற்றுவது. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மேல்வீட்டில் யாரோ பருப்பு தாளிக்கிற வாசனை வந்தது. தெருவில் ரிக்‌ஷாக்கள் போயின. உலகம் தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது, அவள் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

மறுபடியும் ஃப்யூஸ் போனது. மோட்டார், மின்விசிறி, ஃப்ரிட்ஜ் என்று வீட்டுச் சத்தமெல்லாம் ஒரே நேரத்தில் அடங்கியது. அப்போதுதான் அடியிலிருந்து வந்த சத்தம் அவளுக்குக் கேட்டது.

தட்டுகிற சத்தம்.

நின்றது. மறுபடியும் தட்டியது.

பிறகு குரல்.

"ரஞ்சனா... கயித்தப் போடுடி. படி உடைஞ்சு விழுந்துட்டேன். எத்தனை நாழியா கத்தறேன், காதுல என்ன பஞ்சா வெச்சிருக்கே?"

அந்த எரிச்சல். அந்தச் சலிப்பு. உலகத்தில் வேறு யாராலும் அப்படி அவள் பெயரைச் சொல்ல முடியாது. அது ஜம்புதான். காலையிலிருந்து, அந்த இருட்டில், கழுத்தளவுத் தண்ணீரில், அவர் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அவர் அடியில் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் அவள் மேலே சாதம் பரிமாறியிருக்கிறாள்.

எதிரே உட்கார்ந்திருந்தது பூசுவதை நிறுத்தவில்லை.

மூடியின் ஓரத்தில் இன்னும் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு இடைவெளி இருந்தது. குரல் அதன் வழியாகத்தான் வந்தது.

ரஞ்சனா வாளியை வைத்தாள். மெதுவாக நகர்ந்தாள். மாமரத்தடியில் கிடந்த கயிற்றை எடுத்தாள்.

"கயிறா?" என்றது அது. தலையைத் தூக்கவில்லை. குரலில் அத்தனை கனிவு. "லேகாவக் கூப்பிடறேன். அவ ஒல்லி. சட்டுனு எறங்கிடுவா."

ரஞ்சனா கயிற்றை விடவில்லை.

"லேகா" என்று கூப்பிட்டது. ஜம்புவின் குரல்.

உள்ளே நாற்காலி இழுபட்டது. "க்யா பப்பா?"

ரஞ்சனா கயிற்றைக் கீழே போட்டாள். போட்டது அதற்குத் தெரிய வேண்டும் என்று, கையிரண்டையும் விரித்தும் காட்டினாள். "வேண்டாம்" என்றாள். "வேண்டாம், வேண்டாம்."

"ஒண்ணுமில்லடா கண்ணா. நீ படி" என்றது அது, வீட்டைப் பார்த்து.

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ரஞ்சனா திரும்பி வந்து வாளியை எடுத்துக்கொண்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. வேறு யாரோ ஒருத்தியின் கைகள் வாளியைச் சாய்ப்பதைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். சிமென்ட் குழைந்தது. கரணை நகர்ந்தது. இடைவெளி குறுகியது.

"ரஞ்சனா, இருக்கியா? குளுர்றதுடி." குரலில் எரிச்சல் குறைந்திருந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியல. கண்ணாடி இல்ல. நீ மேல இருக்கியா?"

அவள் வாயைத் திறந்தாள். எதிரே இருந்தது நிமிர்ந்து அவளைப் பார்த்தது. பிறகு மகளின் ஜன்னலைப் பார்த்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"ரஞ்சனா?"

"ஏன்னா, இதோ வந்துட்டேன்" என்றது ஒரு குரல்.

அவளுடைய குரல்.

கீழேயிருந்து வந்தது.

ரஞ்சனாவின் உதடுகள் ஒட்டியபடியே இருந்தன. அவள் தொட்டுப் பார்த்தாள். ஒட்டித்தான் இருந்தன. கீழே தண்ணீர் சளக்கென்றது. ஏதோ ஒன்று அதில் மெதுவாக நடந்து வருகிற சத்தம்.

"அப்பாடா" என்றார் ஜம்பு. அந்த ஒரு வார்த்தையில் இருந்த நிம்மதியை அவளால் தாங்க முடியவில்லை. "வந்தியா. எப்படி எறங்கினே? சரி, இங்க வா. கையக் குடு. வா, இன்னும் கிட்ட வா."

சளக். சளக்.

நின்றது.

"ரஞ்சனா" என்றார் ஜம்பு, ரொம்பச் சன்னமாக. "உன் விரலெல்லாம் எங்கடி?"

எதிரே இருந்தது கடைசிக் கவளம் சிமென்டை அள்ளி இடைவெளியில் வைத்தது. கரணையால் ஒரே இழுப்பு. வழவழவென்று ஆயிற்று.

"இன்னும் கொஞ்சம் தண்ணி விடு" என்றது.

அவள் விட்டாள்.