நிறுத்தச் சொன்ன வண்டி

"தூக்கிட்டு வர்றவங்களுக்குத் தோள் வலிக்காதாப்பா?"

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஓர் ஐப்பசி மாதத்தில், மூங்கில் கழியில் கட்டிய போர்வைக்குள் சுருண்டு கிடந்தபடி பிரியதர்ஷினி இப்படிக் கேட்டாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. கட்டுவிரியன் தீண்டி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மலைமேல் இருந்த ஊரிலிருந்து அடிவாரத்துத் தார் ரோட்டுக்கு ஏழு கிலோமீட்டர். நான்கு பேர் கழியைத் தோளில் தாங்கி ஓட்டமும் நடையுமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்திலேயே ஓடிவந்த அப்பா மாதவராஜ், "வலிக்காது சாமி, நீ கண்ண மூடாம இரு" என்றான். தன் உயிர் போகிற நேரத்தில் அடுத்தவர் தோளை நினைத்த பிள்ளை அது. அடிவாரம் வருவதற்குள் போய்விட்டாள்.

அதனால்தான் அவன் அந்த மிலிட்டரி வண்டியை வாங்கினான்.

போன வருஷம் மலைக்கு ஒரு மண்பாதை வெட்டியிருந்தார்கள். சாதாரண ஜீப் பாதி தூரம் ஏறி, சேற்றில் சக்கரம் சுற்றி நின்றுவிடும். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி வேண்டும் என்றான் தர்மபுரியில் மெக்கானிக் கடை வைத்திருந்த ஜாவீத். பட்டாளத்தில் கழித்துவிட்ட வண்டிகளை ஏலத்தில் எடுத்து விற்கும் யார்டு ஒன்று அதியமான்கோட்டை பக்கம் இருந்தது. அங்கே ஒரு பழைய ஆம்புலன்ஸ் நிற்பதாகவும் அவன்தான் சொன்னான். இரண்டு வருஷத்து மரவள்ளிக் காசும் மனைவி சுகுணாவின் தாலிக்கொடியும் அதற்குள் போயின. சுகுணா ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு, "இன்னொரு புள்ளைய கழியில கொண்டு போவக் கூடாதுங்க" என்று மட்டும் சொன்னாள்.

மேல்வீட்டு அன்புவின் மனைவி ஐஸ்வர்யாவுக்குத் தலைப்பிரசவம். தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. "வண்டி வந்துரும், கவலப்படாத" என்று மாதவராஜ் அவன் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தான்.

யார்டில் அது மற்ற வண்டிகளுக்குப் பின்னால், முருங்கை மரத்தடியில் நின்றது. பச்சைப் பெயின்டுக்கு அடியில் சிலுவைக் குறி மங்கலாகத் தெரிந்தது. ஓட்டுகிற இடத்தையும் பின்கட்டையும் ஓர் இரும்புத் தகடு பிரித்தது. தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. பின்னால், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கேன்வாஸ் ஸ்ட்ரெச்சர்கள். வலப்பக்கத்து ஸ்ட்ரெச்சரில் காபி கொட்டியதுபோல் பழைய கறை.

"இன்ஜின் தங்கம்ணா" என்றான் ஜாவீத். "ஆனா நம்பர் வாங்காம ஹைவேல ஓட்டுனா போலீஸ் புடிப்பான். என் லாரில கம்பி மாட்டி அடிவாரம் வரைக்கும் இழுத்துடறேன். நீங்க ஸ்டீரிங்க மட்டும் புடிச்சிட்டு வாங்க. அதுக்கப்புறம் மலைக்கு அதுவே ஏறும்."

மாதவராஜின் ஊரில் புது மாடு வாங்கினால், கயிறு மாற்றும்போது அதன் காதருகே பெயர் சொல்லி மூன்று முறை கூப்பிட்டு, "வா, வூட்டுக்குப் போலாம்" என்று சொல்லித்தான் ஓட்டிவருவார்கள். வண்டி வாங்கினாலும் அப்படியே. அவன் சூடம் கொளுத்தி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, முன்கண்ணாடியில் சந்தனத்தால் மகள் பெயரை எழுதினான். அது தவறாக இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை. நெற்றியைக் கதவில் சாய்த்துக் கூப்பிட்டான்.

"பிரியதர்ஷினி. வா சாமி, வூட்டுக்குப் போலாம்."

மூன்று முறை.

அவன் முன்னால் போய் ஜாவீத்தோடு குனிந்து கம்பியை மாட்டிக்கொண்டிருந்தபோது, வண்டியின் பின்கதவு கிரீச்சிட்டுத் திறந்து மெதுவாக மூடிக்கொண்டது. யாரோ பார்த்துப் பார்த்து ஏறி, சத்தம் வராமல் சாத்திக்கொண்டதுபோல.

"கதவ நீங்க சாத்தலீங்களா?"

"நீதான பாய் கடைசியா பாத்த?"

"காத்தா இருக்கும்" என்றான் ஜாவீத். அன்று காற்றே இல்லை. முருங்கை இலை ஒன்றுகூட அசையவில்லை.

மாதவராஜ் ஏறி உட்கார்ந்து, கதவின் வெளிப்புறத்தை இரண்டு முறை தட்டினான். பஸ்ஸிலும் லாரியிலும் எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான். இரண்டு தட்டு தட்டினால் போகலாம். ஒரு தட்டு தட்டினால் நிறுத்த வேண்டும்.

தர்மபுரி டவுனைத் தாண்டும் வரைக்கும் ஒன்றுமில்லை. மொரப்பூர் ரோட்டில் வீடுகள் குறைந்து, இரண்டு பக்கமும் மாந்தோப்பும் கொள்ளுக்காடுமாக விரிந்து, மேகம் இறங்கிய பகல் வெளிச்சம் ஈயப் பாத்திரத்தின் நிறத்துக்கு மாறியபோது, இன்ஜின் ஓடாத அந்த வண்டிக்குள் டயர் உருளும் ஓசையும் தகடுகள் உரசும் ஓசையும், பழைய கேன்வாஸும் டெட்டாலும் கலந்த வாடையும் தவிர வேறெதுவும் இல்லாத ஒரு நீண்ட நேரத்துக்குப் பிறகு, அவன் பிடரிக்கு நேர் பின்னால், இரும்புத் தகட்டில் ஒரு தட்டல் கேட்டது.

ஒரே ஒரு தட்டல்.

பழக்கத்தில் கால் பிரேக்கைத் தேடியது. திரும்பிக் கண்ணாடி வழியே பார்த்தான். இரண்டு ஸ்ட்ரெச்சர்களும் அரையிருட்டில் கிடந்தன. யாரும் இல்லை.

மொரப்பூர் தாண்டி இன்னொன்று. இந்த முறை கொஞ்சம் தாழ்வாக, இடுப்புக்கு நேராக. அவன் கையை வெளியே நீட்டி ஆட்டினான். ஜாவீத் ஓரங்கட்டி இறங்கி வந்தான். பின்கதவைத் திறந்து மூடி, அடியில் படுத்துப் பார்த்து, கையைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

"கல்லு தெறிச்சிருக்கும்ணா."

"உள்ளருந்து தட்டுனாப்புல இருந்துச்சு பாய்."

"மிலிட்டரிக்காரன் எவனாச்சும் லீவுல ஊருக்கு வர்றானோ என்னமோ. டிக்கெட் போட்டீங்களா?" சிரித்துவிட்டு, மாதவராஜின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "அட, இதெல்லாம் மனுசனக் காப்பாத்துன வண்டிங்ணா. இதுல என்ன கெட்டது இருக்கப்போவுது? ஏறுங்க, மழ வர்றதுக்குள்ள மேல போயிரணும்."

நல்ல வார்த்தைதான். ஆனாலும் அவன் கண்முன் அந்தக் கறை படிந்த கேன்வாஸே நின்றது. எந்த மலையில் அடிபட்ட பையனோ. எந்த ஊர்ப் பிள்ளையோ. வீடு போய்ச் சேர்ந்தானோ இல்லையோ. மாதவராஜ் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி அந்த முகம் தெரியாதவனுக்காகத் தீர்த்தமலையானை வேண்டிக்கொண்டான். வேண்டிக்கொண்டால் அடங்கும் என்று நம்பினான்.

அரூர் பஸ் ஸ்டாண்டைக் கடக்கும்போது போன் அடித்தது. சுகுணா.

"ஏங்க, எங்க இருக்கீங்க? ஐஸ்வர்யாவுக்கு மத்தியானத்துலருந்து வலிங்க. நர்சம்மா போன்ல, சீக்கிரம் எறக்குங்கன்றாங்க. அன்பு கழி வெட்டப் போறேன்னு நிக்கறான்."

"வேணாம்னு சொல்லு. ஒரு மணி நேரத்துல வந்துர்றேன்."

"மேல இருட்டிக்கிட்டு வருதுங்க."

போனை வைத்தான். மலைக்கு மேல் வானம் கரிச்சட்டியின் அடிபோல இருந்தது. பாதை முழுக்க ஊறிவிட்டால் இந்த வண்டிகூட ஏறாது. அப்புறம் கழிதான். போர்வைதான்.

தட்.

அவன் திரும்பவில்லை.

தட்.

பனைகள் பின்னால் போயின. செங்கல் சூளை ஒன்று போனது. ரோட்டோரத்துக் குழாயடியில் பெண்கள் குடம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் விழும் ஓசை வண்டிக்குள் வந்து போனது. அந்த ஓசை வந்ததும் பின்னால் தட்டல் வேகமெடுத்தது. கெஞ்சுவதுபோல. ஒன்று. ஒன்று. ஒன்று. உள்ளங்கையால் அடிக்கிற, எலும்பில்லாத, மெத்தென்ற சத்தம்.

அவனுக்கு வியர்த்தது. பின்பக்கமாகக் கையைக் கொண்டுபோய்த் தகட்டை இரண்டு முறை பலமாகத் தட்டினான்.

"போலாம். போலாம்."

சொன்ன பிறகுதான் தன் குரலைக் கேட்டான். இதே வார்த்தை. இதே குரல். இதே அவசரம்.

அன்றைக்கும் இப்படித்தான். பாதி மலை இறங்கியதும் பிள்ளைக்கு நாக்கு குழறிவிட்டது. தோள் வலியைப் பற்றிக் கேட்டதுதான் அவள் முழுசாகப் பேசிய கடைசிப் பேச்சு. அப்புறம் 'தண்ணி' என்ற ஒரு சொல் மட்டும், அதுவும் பாதியாக. பாம்பு தீண்டியவர்களுக்குத் தண்ணீர் தரக் கூடாது என்று கழி தூக்கியவர்களில் ஒருவர் சொன்னார். ஊரே அப்படித்தான் நம்பியது. மாதவராஜும் நம்பினான். அந்தச் சொல்லும் போனபிறகு அவள் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி அவன் மணிக்கட்டில் தட்டினாள். ஒரு தட்டு. நிறுத்தச் சொல்லி. வழியில் சுனை இருந்தது. அவன் நிறுத்தவில்லை. "போலாம் சாமி, போலாம்" என்றான். ஆஸ்பத்திரியில் டாக்டர் பிறகு சொன்னார்: ஒரு வாய் தண்ணியால எதுவும் மாறியிருக்காதுங்க. கொடுத்திருக்கலாம்.

கொடுத்திருக்கலாம்.

இதை அவன் சுகுணாவிடம்கூடச் சொன்னதில்லை.

அடிவாரம் வந்தபோது ஆறு மணி. ஜாவீத் கம்பியைக் கழற்றி, டாங்கில் டீசல் ஊற்றி, இன்ஜினைக் கிளப்பிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு அணைத்தான். தூரத்திலிருந்து பாங்கொலி மெலிதாக வந்தது.

"அஞ்சே நிமிசம்ணா. அந்த நிழற்குடையில தொழுதுட்டு வந்துர்றேன். நானும் மேல வர்றேன், ஒத்தையில போவாதீங்க."

அவன் போனான். ரோட்டில் ஆளில்லை. தவளைச் சத்தம். ஈர மண்ணின் வாடை. எங்கோ மேலே மழை பெய்ய ஆரம்பித்திருந்தது.

தட்.

சாவி அவன் கையில் இருந்தது. முடுக்கினால் இன்ஜின் இரைச்சலில் எதுவும் கேட்காது. மேலே ஒரு பெண் வலியில் துடிக்கிறாள். போய்விடலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

தட்.

ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம். அவ்வளவுதானே கேட்கிறது.

மாதவராஜ் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினான். பின்கதவின் பிடி சில்லென்றிருந்தது. திறந்தான்.

கறை படிந்த வலப்பக்க ஸ்ட்ரெச்சர் விறைப்பாகத் தட்டையாகக் கிடந்தது. அதில் யாரும் இல்லை. இடப்பக்கத்தில் கேன்வாஸ் பள்ளமாகத் தொய்ந்திருந்தது. மேலே ஒன்றுமே இல்லாமல், எதன் பாரத்திலோ. அது லேசாக ஏறி இறங்கியது. ஏறியது. இறங்கியது.

"எந்த ஊர் புள்ளையோ, தெரியல" என்றான். "நிறுத்தாம வந்துட்டேன் தம்பி. மன்னிச்சுரு."

தலை இருக்க வேண்டிய இடத்துக்கு மேலே பாட்டிலைச் சாய்த்தான். தண்ணீர் கேன்வாஸை நனைத்து, ஊறி, தரைத்தகட்டில் சொட்டியது. டப். டப்.

அங்கே தலை இல்லை.

பள்ளம் அதுவரை வரவே இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தான். ஸ்ட்ரெச்சரின் நடுவிலேயே அது தொடங்கியது. கால்மாட்டுக்குக் கொஞ்சம் மேலேயே முடிந்தது. மூன்றரை அடிகூட இருக்காது.

பிறகு கையைக் கீழே இறக்கி, நடுவில், பள்ளம் தொடங்குகிற இடத்துக்கு மேலே, மெல்லச் சாய்த்தான். மெல்ல. புரையேறிவிடக் கூடாது. தண்ணீர் மெல்லிய நூலாக இறங்கியது. கேன்வாஸ் நனையவில்லை. சொட்டவில்லை. பாதி உயரத்தில் அது இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. மிடறு மிடறாக ஓர் ஓசை. நிற்காமல், மூன்று வருஷத் தாகத்தோடு. பாட்டிலின் கடைசிச் சொட்டு வரைக்கும் அவன் கையை எடுக்கவில்லை. கண்ணிலிருந்து இறங்கியதை அவன் துடைக்கவும் இல்லை.

"போதுமா சாமி?"

நிழற்குடையில் ஜாவீத் இன்னும் குனிந்திருந்தான்.

மாதவராஜ் கதவைப் பிடித்தபடி நின்றான். இன்னும் சிறிது நேரத்தில் ஐஸ்வர்யாவை இந்த ஸ்ட்ரெச்சரில்தான் கிடத்த வேண்டும். மற்றது அழுக்கு. "அந்தக்கா வர்றாங்க சாமி" என்றான், மூச்சுக்கும் கேட்காத குரலில். "வவுத்துல பாப்பா இருக்கு. ரொம்ப வலியாம்."

கேன்வாஸ் முனகியது.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சின்னப் பள்ளம் நகர்ந்தது. முதலில் தோள் இருக்கிற இடம், பிறகு இடுப்பு, பிறகு கால், ஒவ்வொன்றாக. உறக்கத்தில் பிள்ளைகள் ஒதுங்குவதுபோல அது வண்டியின் சுவரோரமாய் ஒதுங்கி, ஒருக்களித்து ஒடுங்கிக்கொண்டு, இன்னோர் ஆள் படுக்கும் அளவுக்கு இடம் விட்டது.