உடன் வந்தவர்

சேமிக்கப்பட்டவை மூன்று என்று திரை சொன்னது. துர்காதேவி சேமிக்கச் சொன்னது இரண்டைத்தான்.

ஒன்று அவள் பெயர், இன்னொன்று மகள் யாழினியின் பெயர். எழுதிய கணினி நிரல் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க ஏதாவது பொய்ப் பெயரைப் போட்டுத் தொலைத்திருக்கலாம். சோம்பல். இந்தத் தொழிலில் இருக்கிற முக்கால்வாசிப் பேரும் செய்கிற மாதிரி, தன் பெயரையே விருந்தாளி என்று போட்டாள். பக்கத்தில் நின்ற பிள்ளை, "என் பேரையும் போடும்மா" என்று சிணுங்கவே, 'உடன் வந்தவர்' என்ற இடத்தில் அதையும் சேர்த்தாள்.

பங்காளிகள் ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட, வலையபட்டியில் வெகுகாலம் பூட்டிக் கிடந்த செட்டியார் வீடு, அவள் உட்கார்ந்திருந்த இடம். இப்போது வெளியூர்க்காரர்கள் தங்கும் விடுதி. யார் வந்தார்கள், எந்த அறை, உடன் யார் என்பதெல்லாம் நிரல் ஓடும்வரைதான் அங்கிருந்த கணினியில் இருக்கும். கரண்ட் போனால் அத்தனையும் மாயம். யூபிஎஸ் வாங்கிப் போடுங்கள் என்றால் முதலாளி லட்சுமணனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். அதனால் நிரலுக்குள் உயிரோடு இருக்கிற ஒவ்வொரு பதிவையும் அப்படியே எடுத்துத் தரவுத்தளத்துக்குள் வைக்கிற வேலையை துர்காவிடம் கொடுத்திருந்தார். கரண்ட் போய் வந்தாலும் வைத்தது வைத்தபடி எழுந்து நிற்க வேண்டும்.

அந்தத் தரவுத்தளத்துக்கு ஒரு குணம். ஒன்றைச் சேமித்தால் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிற எல்லாவற்றையும் சேர்த்துச் சேமிக்கும். ஒட்டியதை வெட்டிவிட்டாலும், அது வேறு யாரோடாவது ஒட்டிக்கொண்டிருந்தால் போகாது.

தன் பதிவைத் திறந்தாள். உடன் வந்தவர், யாழினி. அதற்குக் கீழே இன்னொருவர். பெயர் காலியாக இருந்தது. அறை, மாடியில் கடைசி. வந்த நேரம், காலையில் துர்கா வந்த அதே நேரம்.

லட்சுமணனுக்குப் போன் போட்டாள். "மாடியில கடைசி ரூம்ல யாரும் தங்கியிருக்காகளா சார்?"

"அது பூட்டிக் கிடக்கு. அத எதுக்கு இப்ப நோண்டுறீக?"

"ஒரு ஆள் கூடுதலா வருதுங்க."

"அப்ப நீங்க எழுதுனதுதான் கோளாறு. விடிஞ்சா கல்யாணத்துக்கு ஆளுக வந்து இறங்குறாக. இன்னைக்கே முடிச்சுக் குடுங்க, இல்லாட்டி இனிமே இங்குட்டு வராதீக."

வைத்துவிட்டார். விளங்காத மனுசன் என்று முனகிக்கொண்டாள். பள்ளிக்கூடம் லீவு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, கையோடு கூட்டி வந்து காலையிலிருந்து மல்லுக்கட்டுகிறாள். காவல்காரர் டீ குடிக்கப் போனவர் போனவர்தான். அந்த வீட்டுக்கும் அவளைக் கண்டால் ஆகவில்லை. உள்ளே நுழைந்ததிலிருந்து நெஞ்சுக்குள் ஓர் அருவருப்பு, வேண்டாத வீட்டில் சாப்பிட உட்கார்ந்த மாதிரி.

வெளியே பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. உள்கட்டு வளவின் நடு முற்றத்தில் விழுந்த வெளிச்சம் தூண் தூணாகப் பின்வாங்கிப் போக, அந்தத் தூண்களுக்கு அப்பால் பூட்டிய அறைகளின் கதவிடுக்குகளிலிருந்து, எந்தக் காலத்திலோ மடித்து வைத்து யாரும் உடுத்தாத துணியின் வாடையும் நனைந்த சாக்கின் வாடையும் கலந்து மெல்ல மெல்ல அவள் உட்கார்ந்திருந்த மேசை வரைக்கும் வந்தன. முற்றத்தில் ஆத்தங்குடித் தரைக்கல்லில் வரைந்திருந்த பூக்களை ஒவ்வொன்றாகத் தாண்டி யாழினி விளையாடிக்கொண்டிருந்தாள். கொலுசுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது கேட்கும்வரை துர்காவுக்குப் பயம் இல்லை.

இடது கை மட்டும் மரத்துப் போயிருந்தது. தட்டச்சு செய்து செய்து இப்படி ஆகிவிட்டது என்றுதான் காலையிலிருந்து நினைத்தாள். உதறப் பார்த்தாள். முடியவில்லை. கை கனத்தது. ஈரமாகவும் இருந்தது. புறங்கையில் நான்கு இடங்களில் தோல் அழுந்தி வெளுத்திருந்தது. உள்ளங்கையில் ஓர் இடம்.

யாரோ பிடித்திருக்கிற கை அது.

காலையிலிருந்து பிடித்திருக்கிறார்கள்.

அவள் கத்தவில்லை. கத்தினால் பிள்ளை பயந்துவிடும். வலது கையால் மவுசை நகர்த்தினாள். பெயரில்லாத அந்த வரியைத் தன் பதிவிலிருந்து வெட்டினாள். சேமி என்பதை அழுத்தினாள்.

இடது கை மேசையில் தொப்பென்று விழுந்தது. சூடு திரும்பியது. விரல்களை மடக்கினாள், நீட்டினாள். அப்பாடா என்று வாய்விட்டே சொன்னாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். லட்சுமணனும் ஆச்சு, அவர் வேலையும் ஆச்சு.

எழும்போது திரையைப் பார்த்தாள்.

சேமிக்கப்பட்டவை மூன்று.

துர்கா மறுபடி உட்கார்ந்தாள். அவள் பதிவில் யாழினி மட்டும்தான் இருந்தாள். வேறு யாரும் இல்லை. யாழினியின் பதிவைத் திறந்தாள்.

உடன் வந்தவர், ஒருவர். பெயர் காலி.

கொலுசுச் சத்தம் மாறியிருந்தது. ஓடுகிற சத்தம் இல்லை. நடக்கிற சத்தம். அளந்து வைக்கிற, நிதானமான நடை. பிள்ளை நடக்கிற நடையே இல்லை.

"யாழு, இங்க வா."

தூணுக்குப் பின்னாலிருந்து யாழினி வந்தாள். வலது கை சும்மா தொங்கியது. இடது கை தலைக்கு மேலே நேராக நீண்டிருந்தது. விரல்கள் எதையோ பற்றி மடங்கியிருந்தன. குதிகால் தரையில் படவில்லை. நுனிக்காலில் நடந்தாள், அத்தனை உயரத்தில் இருந்தது அவள் பிடித்திருந்த கை.

"அம்மா, இவுக மாடிக்குக் கூப்பிடுறாக."

"விடு. கைய விட்டுட்டு வா."

"நான் பிடிக்கலம்மா. இவுகதான் பிடிச்சிருக்காக."

துர்கா விசைப்பலகை மேல் பாய்ந்தாள். பிள்ளையை விட்டுவிடு, என்னிடமே வா. என் கையையே பிடித்துக்கொள். பிள்ளையின் பதிவிலிருந்து அந்த வரியை எடுத்துத் தன் பதிவில் ஒட்டினாள். சேமி என்பதற்கு மவுசைக் கொண்டுபோனாள்.

கரண்ட் போனது.

திரை கறுத்தது. வீடு முழுக்க இருட்டு. அவள் கை மவுசை அழுத்திக்கொண்டே இருந்தது. டக். டக். டக். செத்த பொத்தான்.

படிக்கட்டுப் பக்கம் கொலுசு. ஒரு படி. இன்னொரு படி.

"யாழு."

எழுந்து ஓடினாள். தூணில் தோள் மோதியது. பிள்ளையின் வலது கையாவது அகப்படும் என்று இருட்டைத் துழாவினாள். ஈரச் சாக்கின் வாடை மட்டும் முகத்தில் மோதியது. படியில் முழங்கால் இடித்தது. தலைக்கு மேலே கொலுசு ஒருதரம் குலுங்கியது.

அப்புறம் இல்லை.

நின்றாள். காதைத் தீட்டினாள். நடக்கிற சத்தம் இல்லை. ஓடுகிற சத்தம் இல்லை. பிள்ளை அழக்கூட இல்லை.

கரண்ட் வந்தது. பின்னால் மேசையில் கணினி தானாக எழுந்தது. யாழினியோடு அந்தப் பெயரில்லாதவரையும், கடைசியாக வைத்ததை வைத்தபடி எடுத்துத் திரையில் நிறுத்தியது. அவள் எழுதிய நிரலில் ஒரு கோளாறும் இல்லை.

மாடிக்கு ஏறினாள். கடைசி அறையின் கதவு திறந்திருந்தது. அதன் முன்னால், உயர்த்திய ஒற்றைக் கையில், தரையைத் தொடாத இரண்டு கால்களோடு யாழினி தொங்கிக்கொண்டிருந்தாள். கொலுசு அசையவில்லை. அம்மாவைப் பார்த்தபடியே அவள் மெல்ல உள்ளே போனாள்.