கொக்கியில் தொங்கிய தொப்பி

மூன்று மாத விடுப்பு முடிந்து அவள் வேலைக்கு வந்த அன்றும் லிஃப்ட் வழக்கம்போல் படுத்திருந்தது. நான்கு மாடி ஏறி, மூச்சு வாங்க வார்டுக் கதவைத் தள்ளினாள். உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. அதே பினாயில் நெடி. மருந்து டிராலியின் ஒரு சக்கரம் மட்டும் கீச்சிடும் அதே சத்தம். தான் இல்லாமல் இங்கே ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை என்பது அவளுக்குக் கொஞ்சம் வலித்தது.

வார்டில் எல்லோருக்கும் அவள் அக்கா. அவளைவிட மூத்த நர்ஸ்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் டெக்னீஷியன். பதினாறு வருடமாக அதே நாற்காலி. "இவ அலையைப் பாத்தே ஆளைச் சொல்லிடுவா" என்று பெரிய டாக்டர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அதைக் கேட்கும்போது அவளுக்குத் தலைகால் புரியாது. வேலை கற்றுக்கொடுத்தவர் அவர்தான். பெற்ற அப்பாவைக்கூட எதிர்த்து ஒரு கேள்வி கேட்டிருப்பாள், அவரைக் கேட்டதில்லை.

அவளை உண்மையிலேயே அக்கா என்று கூப்பிட உரிமையுள்ளவள் ஒருத்தி இருந்தாள். தங்கை. வீட்டில் அவளுக்குப் பெயரே வாலு. இரண்டு சிறுநீரகமும் கெட்டு ஏழு வருடம். வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். போதாததற்கு அவ்வப்போது வலிப்பு. இத்தனைக்கும் வாயை மூடமாட்டாள்.

நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளுக்கு ஏன் வலிப்பு வருகிறது, அப்போது மூளையில் என்ன நடக்கிறது என்பதுதான் பெரிய டாக்டரின் ஆராய்ச்சி. நோயாளியை ஐந்து நாள் ஓர் இருட்டறையில் வைத்து, தலையில் மின்முனைத் தொப்பி மாட்டி, வலிப்பு மாத்திரையைக் கொஞ்சம் குறைத்து, வலிப்பு வருவதைப் பதிவு செய்வார்கள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், அலைகள் ஓடும் கம்ப்யூட்டர் திரை. உடம்பு உதறுவதற்கு முன்பே திரையில் தெரிந்துவிடும். தெரிந்த கணமே மணியை அழுத்த வேண்டும், நர்ஸ் ஓடிவருவாள். அதனால் அந்த வார்டுக்கு ஒரே ஒரு சட்டம். திரைக்கு முன்னால் இருக்கும் நாற்காலி ஒரு நிமிடம்கூடக் காலியாக இருக்கக் கூடாது.

"உன் தங்கச்சியையும் சேத்துக்கலாமேம்மா" என்று கேட்டவர் பெரிய டாக்டர். வாலுவைச் சம்மதிக்க வைத்தவள் அக்கா.

"தலை பூரா ஒயர் நட்டிருக்கியே, அறுவடை எப்போ?" என்று சிரித்த வாலு, அறைக் கதவை மூடும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினாள். "நீ இருப்பியா?"

"எங்கடி போகப் போறேன்? ஸ்கிரீனை விட்டு நகரமாட்டேன். நான் பாத்துக்கறேன்."

மூன்று மாதத்துக்கு முன், பதிவின் நான்காம் நாள் மதியம் இரண்டு மணிக்குப் பெரிய டாக்டர் வந்து தோளில் தட்டினார். "போய்ச் சாப்பிட்டு வாம்மா. நான் உக்காந்துக்கறேன்." அவள் போனாள். திரும்பி வந்தபோது அந்த அறை வாசலில் கூட்டமாக இருந்தது.

"ஒரே நிமிஷம்தான்மா" என்றார் அவர். "திரையில தெரிஞ்ச உடனே ஓடினேன். மாத்திரை எல்லாம் சரியாத்தான் குடுத்திருந்தோம். கை மீறிப் போயிடுச்சு." அன்றைய பதிவு கம்ப்யூட்டர் நின்றுபோனதில் தொலைந்துவிட்டது என்றார். அவள் நம்பினாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் அழுதாள்.

இன்று அவள் மேஜைமேல் ஒரு தாள் இருந்தது. ஆராய்ச்சியின் முடிவறிக்கையோடு சேர வேண்டிய உறுதிமொழி: மருந்துகள் விதிப்படி தரப்பட்டன, பதிவு நேரம் முழுவதும் திரை கண்காணிக்கப்பட்டது. கீழே அவள் பெயர் தட்டச்சாகி, மேலே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. அவள் கையெழுத்திட்டால் வாலுவின் சாவு யாருடைய தவறும் இல்லை என்று முடிந்துவிடும். அப்புறம் யாரும் அதைத் திறக்கப் போவதில்லை.

"சாயங்காலத்துக்குள்ள போட்டுடும்மா" என்றார் பெரிய டாக்டர். "அவ உயிர் வீண்போகக் கூடாது இல்ல?"

"நாளைக்குப் புது நோயாளி வராங்க சார். மெஷினைப் பாத்துட்டு வந்து போடறேன்."

வெளியே நல்ல வெயில். ஆனால் வாலு படுத்திருந்த அந்த இருட்டறைக்கு ஜன்னல் கிடையாது. பகலும் இரவும் அங்கே ஒன்றுதான். கட்டிலுக்கு மேலே கொக்கியில் தொப்பி தொங்கியது. பசையும் ஸ்பிரிட்டும் கலந்த வாடையோடு, நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளின் மூச்சில் வரும் அந்த லேசான அம்மோனியா வாடையும் இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல் இருந்தது. மூன்று மாதமாக அறை பூட்டியே கிடந்தது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

அக்கா விளக்கை அணைத்து, திரைக்கு முன் உட்கார்ந்து இயந்திரத்தை முடுக்கினாள். தலையில் மாட்டாத தொப்பியில் அலை வராது. சுவரில் ஓடும் மின்சாரத்தின் இரைச்சல்தான் கறுப்புப் பட்டையாகத் திரையை அப்பும். எல்லாச் சேனலிலும் பட்டை ஓடியது. சரிதான் என்று பதிவேட்டில் குறிக்கப் பேனாவை எடுத்தாள்.

பட்டை மெலிந்தது.

மெலிந்து, பிரிந்து, சீரான சின்னச் சின்ன அலைகளாகியது. நொடிக்கு ஒன்பது. கண்ணை மூடிக்கொண்டு, விழித்தபடி அமைதியாகப் படுத்திருக்கும் மனிதருக்கு மட்டுமே வரும் அலை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டில் காலியாக இருந்தது. தொப்பி ஆடாமல் தொங்கியது.

ஒயர் எங்காவது தொட்டுக்கொண்டிருக்கும் என்று சொல்லிப் பார்த்தாள். சொன்னது அவளுக்கே எடுபடவில்லை. ஏனென்றால் இடது காதுப் பக்கச் சேனலில், நாலைந்து அலைக்கு ஒருமுறை, ஓர் ஊசிமுனை நொண்டிக்கொண்டு வந்தது. அந்த நொண்டலை ஏழு வருடமாக அவளே பதிவு செய்திருக்கிறாள். உலகத்தில் அது ஒருத்திக்குத்தான் உண்டு.

எந்த நோயாளியிடமும் முதலில் சொல்வதை, பழக்கத்தில் கை மைக்கை அழுத்த, அவள் வாய் தானாகச் சொன்னது.

"கண்ணைத் திறங்க."

அலைகள் சட்டென்று அடங்கித் தட்டையாயின. கண்ணைத் திறந்தால் அப்படித்தான் ஆகும்.

"மூடுங்க."

அலைகள் திரும்பி வந்தன.

பயம் இருந்தது. ஆனால் பயத்தை முந்திக்கொண்டு பாசம் வந்தது.

"வாலு..." என்றாள் கிசுகிசுப்பாக. "நீதானாடி? ஆமான்னா மூடியே வை. இல்லைன்னா திற."

மூடிய கண்ணின் அலைகளே தொடர்ந்து ஓடின.

அவளுக்குக் கேட்க ஆயிரம் இருந்தது. வாயில் வந்தது வேறு. டயாலிசிஸ் இரத்தத்தைக் கழுவும்போது வலிப்பு மாத்திரையையும் கழுவிக்கொண்டு போய்விடும். முடிந்ததும் இன்னொரு வேளை தந்தே ஆக வேண்டும். சாதாரண வலிப்பு நோயாளிக்கு இந்தக் கணக்கே கிடையாது. இந்த வார்டுக்காரர்களுக்குத்தான் தெரியும். அன்று வாலுவுக்குக் காலையில் டயாலிசிஸ்.

"அன்னைக்கு டயாலிசிஸ் முடிஞ்சு மாத்திரை குடுத்தாங்களா?"

அலைகள் தட்டையாயின. வாலு கண்ணைத் திறந்தாள்.

சார்ட்டில் 'தரப்பட்டது' என்று எழுதியிருந்ததை அக்கா தன் கண்ணால் பார்த்திருந்தாள். பெரிய டாக்டரின் கையெழுத்து.

"யாருகிட்டம்மா பேசிட்டு இருக்க?"

அவர்தான். தாளைக் கையில் பிடித்தபடி பின்னால் நின்றார். திரையைப் பார்த்தார். ஒரு கணம் முகம் வெளுத்தது, அப்புறம் சிரித்தார். "மூணு மாசம் தூங்கின மெஷின். எதையோ பிடிச்சுக்கிட்டு உளறுது. உனக்குத்தான் மனசு சரியில்ல. இரு, காட்டறேன்."

அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்து, தொப்பியைத் தன் தலையில் மாட்டி, பசை வைத்து, கால் நீட்டிப் படுத்தார். "இப்போ என் அலை வரும் பாரு. சொல்லு."

"கண்ணை மூடுங்க சார்."

கண்ணாடி வழியே அவர் மூடுவது தெரிந்தது. திரையில் திறந்த கண்.

"திறங்க."

அவர் திறந்தார். திரையில் மூடிய கண். இடது காதுப் பக்கம், அதே நொண்டல்.

"நார்மலா இருக்கா?" என்றார் ஸ்பீக்கரில்.

அவள் பதில் சொல்வதற்குள் அது தொடங்கிவிட்டது. இடது பக்கம் ஒரு சேனலில் பொடிப்பொடியாக ஒரு நடுக்கம். அது வளர்ந்தது. அடுத்த சேனலைப் பிடித்தது. அதற்கடுத்ததை.

வலிப்பு.

கை மணிக்குப் பாய்ந்தது. அழுத்தினாள். நர்ஸ் ஓடிவந்து கட்டிலருகே நின்று விழித்தாள். பெரிய டாக்டர் ஒரு விரல்கூட உதறாமல், நிம்மதியாகக் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

"என்னாச்சும்மா?" என்றார் அவர்.

காட்டப்படுவது என்ன என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த மதியம் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் பார்த்திருக்க வேண்டியது. திரையின் அடியில் நிமிடங்கள் ஓடின. மூன்று. ஐந்து. அலைகள் திரை முழுவதும் ஏறி இறங்கின. மாத்திரை இல்லாத மூளை தன்னந்தனியாகப் போராடுவதை அவள் கண்ணிமைக்காமல் பார்த்தாள். எட்டு. பத்து. பதினொன்றாவது நிமிடத்தில் எல்லாச் சேனலும் ஒரே நேரத்தில் அடங்கின.

கோடு. வெறும் கோடு.

"பதினோரு நிமிஷம் சார்" என்றாள் மைக்கில். குரல் அவளுடையதாகவே இல்லை. "ஒரு நிமிஷம்னு சொன்னீங்க."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "பதினொண்ணுன்னு உனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பதிவை நான்தான்..."

பாதியில் நிறுத்தினார். நர்ஸ் அவரையே பார்த்தாள்.

"அழிச்சீங்களா?"

அவர் தொப்பியைக் கழற்றவே இல்லை. "நாலு நாளா ஒரு ஃபிட்ஸ்கூட வரலம்மா" என்றார் கடைசியில். "பதிவே இல்லாம ஆராய்ச்சியை எப்படி முடிக்கறது? ஒரே ஒரு வேளை மாத்திரைதானே, நிறுத்திப் பாக்கலாம்னு நினைச்சேன். அப்புறம் ஒரு போன் வந்துச்சு. வராண்டாவுக்குப் போனேன். பேச்சு இழுத்துடுச்சு."

பதினாறு வருடம் தெய்வமாக நினைத்த மனிதர் பசை வழியும் தலையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவரை அறையலாம் போல் இருந்தது அவளுக்கு. மேஜையில் அவர் வைத்துவிட்டுப் போன தாளை எடுத்து நாலாகக் கிழித்தாள். பதிவைக் குறுந்தட்டில் நகலெடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அவள் கொடுத்த புகாரின்பேரில் அமைந்த விசாரணைக் குழுவில் மூன்று பேர். வேறொரு மருத்துவமனையின் மூத்த நரம்பியல் நிபுணரான அம்மாள்தான் தலைவர். அக்காவையும் நர்ஸையும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். குறுந்தட்டை உறைக்குள் போட்டு முத்திரையிட்டு அலமாரியில் பூட்டினார்கள். பதிவு எடுத்ததிலிருந்து ஒன்பதாம் நாள் அக்காவைக் கூப்பிட்டு, அவள் முன்னாலேயே பிரித்தார்கள்.

"நாப்பது நிமிஷப் பதிவுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க" என்றார் தலைவர், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு. "இதுல ஒன்பது நாள் இருக்கே."

"இருக்காதும்மா."

"ஓடிட்டுத்தான்மா இருக்கு. இதோ, இந்த நிமிஷம் வரைக்கும்." அவர் பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. "உயிரோட இருக்கற ஒரு பொம்பளையோட பதிவு இது. தூங்கவே இல்ல. அந்த நாப்பது நிமிஷத்துக்கு அப்புறம் ஒரு தடவைகூடக் கண்ணை மூடல. யாரு இவங்க?"

அக்கா திரையைப் பார்த்தாள். தட்டையான, விழித்த அலை. இடது பக்கம் நொண்டல்.

"என் தங்கச்சி."

"சம்பவம் நடந்தப்போ அந்த நாற்காலியில நீங்கதானே இருந்திருக்கணும்? எங்க இருந்தீங்க?"

பெரிய டாக்டர் அனுப்பினார் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். ஆனால் அவர் வாலுவுக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

"சாப்பிடப் போயிருந்தேன்" என்றாள். "நகரமாட்டேன்னு அவகிட்ட சொல்லிட்டு, போயிருந்தேன்."

அவள் நாற்காலியை இழுத்துத் திரைக்கு அருகே போட்டுக்கொண்டு, மற்றவர்கள் இருப்பதையே மறந்து, குனிந்து மெல்லச் சொன்னாள்.

"நான் வந்துட்டேன்டி. இனிமே எங்கேயும் போகமாட்டேன். கண்ணை மூடிக்கோ."

காத்திருந்தாள்.

"வாலு. என் கண்ணுல்ல. மூடிக்கோடி."

அலை மாறவில்லை.