இரண்டாவது சாவி

அன்று காலை காரில் ஏறி உட்காரப்போன துரையின் வயிறு ஸ்டியரிங்கில் இடித்தது. ஒரே ராத்திரியில் தொப்பை ஒரு சாண் வளர்ந்துவிட்டதோ என்று குனிந்து பார்த்தார். தொப்பை நேற்றைய அளவில்தான் இருந்தது. சீட்தான் முன்னால் வந்திருந்தது. உள்ளே இருந்த கண்ணாடியும் கீழே சாய்ந்து, அவர் முகத்துக்குப் பதிலாகச் சட்டையின் இரண்டாவது பித்தானைக் காட்டியது. யாரோ ஒரு குள்ளப்பயல் வண்டியை எடுத்திருக்கிறான்.

துரை என்பது தெரு வைத்த பெயர். பதின்மூன்று வயதான ஐரோப்பியக் காரை வாங்கி வந்து, வாசலை அடைத்து நிறுத்தி, மூன்று நாள் துடைத்துக்கொண்டே இருந்தவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? வாங்கிய ஐந்து மாதத்தில் அது ஓடிய நாளைவிட ஒர்க்‌ஷாப்பில் கிடந்த நாளே அதிகம். ஆயில் ஒழுகியது. இறக்கிய ஜன்னல் ஏற மறுத்தது. ஆனாலும் கதவைச் சாத்தும்போது ‘டப்’ என்று கனமாக ஒரு சத்தம் வரும் பாருங்கள், அதற்காக அவர் எதையும் பொறுத்துக்கொள்வார். மனிதர்களைத்தான் பொறுத்துக்கொள்ள மாட்டார்.

முதல் சந்தேகம் மனைவி மேல்.

“எனக்கு பிரேக் எது, ஆக்ஸிலேட்டர் எதுன்னே தெரியாது. நான் எங்க ஓட்ட?” என்று வெங்காயம் உரித்தபடியே கேட்டாள்.

அடுத்தது மச்சினன் மேல். ஆள் குட்டை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து போயிருக்கிறான். வேறென்ன சாட்சி வேண்டும்? போனைப் போட்டு, திருட்டுப்பயல் என்பது வரைக்கும் போய்விட்டார். அந்தப் பக்கம் போனை வைத்த சத்தமும் அடுப்படியில் பாத்திரத்தை வைத்த சத்தமும் ஒன்றாகக் கேட்டன.

மறுநாளும் சீட் முன்னால் இருந்தது. அதற்கு மறுநாளும். வண்டியை உறை போட்டு மூடி, கயிறு கட்டி வைத்தார். முடிச்சு போட்டபடியே இருந்தது, உறை கசங்கவில்லை, உள்ளே சீட் மட்டும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. கூடவே ஒரு வாடை, ஈரம் காயாமல் மடித்து வைத்த துணியின் வாடை. ஸ்டியரிங்கைத் தொட்டால், கை வைக்கிற இரண்டு இடங்களில் மட்டும், யாரோ இப்போதுதான் கையை எடுத்ததுபோல வெதுவெதுப்பு. துரைக்கு முதுகு சில்லிட்டது. சில்லிட்டுவிட்டதே என்று அதற்கும் கோபம் வந்தது.

மெக்கானிக் தன் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, வண்டியோடு எத்தனை சாவி கொடுத்தார்கள் என்று கேட்டார். ஒன்றுதான். வாங்கும்போது மனைவியும் இதையேதான் கேட்டாள்; ஒரு காருக்கு ஒரு சாவி போதாதா என்று நாலு பேர் முன்னால் அவளை மட்டம் தட்டியது ஞாபகம் வந்து, துரைக்கு மெக்கானிக் மேல் எரிச்சல் மூண்டது. மெக்கானிக் பொறுமையாக விளக்கினார். வண்டியின் பதிவில் இரண்டு சாவி இருக்கிறது. இதில் ஒரு சாவிக்கு ஒரு ஆள். சாவி பக்கத்தில் வந்தாலே அந்த ஆளுக்குத் தக்கபடி சீட்டும் கண்ணாடியும் தானாக நகரும். கதவில் இருக்கும் பொத்தான்களில் ஒன்றாம் எண் இவருடையது. இரண்டாம் எண், அந்த இன்னொரு சாவிக்கு உரியவருடையது.

“அப்ப எவனோ சாவிய வெச்சுக்கிட்டு என் தெருவில சுத்துறான்.”

மெக்கானிக் மறுபடி கருவியைப் பார்த்தார்.

“தெருவில இல்ல சார். வண்டிக்குள்ள இருக்குன்னு காட்டுது.”

சீட்டுகளைக் கழற்றினார்கள். தரைவிரிப்பை உரித்தார்கள். ஒரு கொண்டை ஊசி கிடைத்தது. சாவி கிடைக்கவில்லை. கருவி மட்டும் ‘உள்ளே’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அந்தச் சாவியின் பதிவையே வண்டியிலிருந்து அழித்துவிடலாம், ஒரு வாரம் வண்டி இங்கே நிற்கட்டும், அதுவரை ஓட்டாதீர்கள் என்றார் மெக்கானிக்.

ஒரு வாரமா? மனைவி பெட்டி கட்டி வைத்திருந்தாள்.

“என்னைக் கொண்டுபோய் விடுங்க. என் தம்பி முகத்தப் பார்த்து, தப்புதான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அப்புறம் நான் திரும்பி வர்றதப் பத்திப் பேசலாம்” என்று காலையிலேயே சொல்லிவிட்டாள்.

மன்னிப்புக் கேட்பதே பெரிய காரியம். அதற்கு டாக்ஸியில் போய் இறங்குவதா? மச்சினன் சிரிக்கமாட்டானா? வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

சாயங்காலம் வாசலில், அவள் பெட்டியை எடுத்து வருவதற்குள், துரை தன் வைத்தியத்தைச் செய்தார். சீட்டைத் தனக்கு வாகாகப் பின்னால் தள்ளி, கண்ணாடியை நிமிர்த்தி, இரண்டாம் பொத்தானை ‘டிங்’ என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பிடித்தார். இனி அந்த இன்னொரு ஆளுக்கும் இதே இடம்தான்.

“இப்ப நகரு பார்க்கலாம்” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

சீட் நகரவில்லை.

ஜெயித்துவிட்ட திமிரோடு கதவைச் சாத்தினார். டப். வெளியே தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடுகிற சத்தம் அறுந்துபோனது. உள்ளே எங்கோ சூடு ஆறும் இரும்பின் முனகல். அப்புறம் அதுவும் இல்லை. ஈரத்துணி வாடை மெல்ல எழுந்து, கழுத்துவரை ஏறி, மூக்கருகே நின்றது.

தொடைமேல் ஒரு கனம். மெதுவாக, வழக்கமான இடத்தில் உட்காருகிறவர் உட்காருவதுபோல.

பேன்ட் நனைந்தது.

முன்கண்ணாடியில் ஆவி படிந்தது, விலகியது, படிந்தது. துரை மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்.

அவர் பாதத்தின்மேல் இன்னொரு பாதம். சின்னது. ஜில்லென்று.

மனைவி வீட்டைப் பூட்டுகிறாள். பெட்டியைத் தூக்குகிறாள். வருகிறாள். ஏறாதே என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. இருபது வருடம் அவளிடம் கத்தியே பழகிய தொண்டையில், கத்த வேண்டிய ஒரே நேரத்தில் காற்று வரவில்லை.

கதவு திறந்தது. பெட்டி பின்னால் விழுந்தது. உட்கார்ந்தாள். டப். நான்கு கதவுகளும் பூட்டிக்கொண்டன.

“சொல்றேன்னு சொன்னத மறக்காம சொல்லுவீங்கல்ல?” என்று கேட்டபடி திரும்பினாள்.

அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. ஒரு சாண் கீழே பார்த்தாள். அவர் நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே.

“ஏங்க… இது யாரு?”

பாதத்தின்மேல் இருந்த பாதம் அழுத்தியது. கார் நகர்ந்தது. துரையின் மோவாயை உரசியபடி, நனைந்த தலை ஒன்று மெல்ல அவள் பக்கம் திரும்பியது.