நூற்றுப் பதின்மூன்றாம் பக்கம்

காலை 9.10. குழந்தைகள் வார்டு. ஆறு வயதுச் சிறுமி கட்டிலில் குனிந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டாள். உரக்கக் கூப்பிட்டாள். எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டுப் பார்த்தாள். மகள் திரும்பவேயில்லை.

9.40-க்குள் தெரிந்துவிட்டது. ஒன்பது நாள் போட்ட ஊசிமருந்து, போட வேண்டிய அளவைப் போல மூன்று மடங்கு. இரண்டு காதும் போய்விட்டன.

சீட்டு எழுதியவள் பயிற்சி மருத்துவர். சேர்ந்து ஐந்து மாதம். அவளை உடனே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மருத்துவமனையின் தலைமை மருந்தாளர், "நான் விசாரிக்கிறேன்" என்று பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். ஊசிகள் அந்தப் பெண்மணியின் மருந்துக் கவுண்டரிலிருந்துதான் வார்டுக்குப் போகும்.

10.15. டாக்டர்கள் அறை. துறைத்தலைவரும் இருந்தார்.

"எதைப் பார்த்தும்மா எழுதினே?" என்று மருந்தாளர் கேட்டார்.

"பாக்கெட் புத்தகம் மேடம். நூத்திப் பதிமூணாம் பக்கம். கிலோவுக்கு இவ்வளவு, மூணு வேளைன்னு இருந்துச்சு."

"அந்த அளவு ஒரு வேளைக்கா, நாள் முழுக்கவா?"

"அது புத்தகத்துல போடலை மேடம். சத்தியமா."

கொக்கிகளில் ஒரே மாதிரி ஆறு வெள்ளைக் கோட்டுகள். துறைத்தலைவர் எழுந்து ஒன்றின் பையில் கைவிட்டுப் புத்தகத்தை எடுத்தார். பிரித்துக் காட்டினார். 'நாள் அளவை மூன்றாகப் பிரித்துக் கொடுக்கவும்.' பளிச்சென்று இருந்தது.

"இவங்களுக்காகப் பத்துப் புத்தகம் புரட்டி நான் தேர்ந்தெடுத்தது. பெரிசா ஒண்ணு விளக்கமா இருந்துச்சு, பையில நுழையலை. இதுல என்ன குறை?"

அவள் முகம் வெளுத்தது. "என் கண்ணையே நம்ப முடியலை மேடம்."

11.05. மருந்தாளர் புத்தகத்தை மூடி, ஜன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் பிடித்தார். விரல் பட்டுப் பட்டு ஓரம் பழுப்பேறியிருந்தது. நடுவில் நூலிழை போல ஒரே ஒரு வெள்ளைக் கோடு. அங்கே பிரித்தார். நூற்றுப் பதின்மூன்று. அடியில் பொடி எழுத்தில் 'திருத்திய பதிப்பு'. வேறு எந்தப் பக்கத்திலும் அது இல்லை. இன்னொரு பயிற்சி மருத்துவரின் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். மூன்றாகப் பிரிக்கச் சொல்லும் வரியே அதில் இல்லை.

11.30. துறைத்தலைவரின் அறை.

"தாளை மாத்தி ஒட்டினது நீங்கதான் சார். பசைகூட இன்னும் காயலை."

"என்ன உளர்றீங்க?"

"புதுப் பதிப்பு வந்தா, புத்தகம் தேர்ந்தெடுக்கறவருக்குத்தான் முதல்ல அனுப்புவாங்க. அது போகட்டும். ஆறு கோட்டு தொங்குச்சு. எது அந்தப் பொண்ணோடதுன்னு நீங்க கேக்கவே இல்லையே. நேரா கைவிட்டு எடுத்தீங்க."

அவர் நாற்காலியில் சரிந்தார்.

"ரெண்டு மாசம் முன்னாடி வந்துச்சு. எல்லாருக்கும் மாத்திக் குடுங்கன்னு கடிதமும் இருந்துச்சு. அப்புறம் பார்த்துக்கலாம்னு வெச்சேன். மறந்தே போச்சு." நிமிர்ந்து கேட்டார்: "நான் ஒத்துக்கிட்டா அந்தக் குழந்தைக்குக் காது வந்துடுமா?"

மருந்தாளர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

12.20. அறிக்கையைப் படித்த பயிற்சி மருத்துவர் நிமிர்ந்தாள். தவறுக்குப் பொறுப்பானவர்கள் வரிசையில், துறைத்தலைவரின் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர்.

"மேடம், இது உங்க பேராச்சே?"

மருந்தாளர் கவுண்டர் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினார்.

"இருபத்தேழு ஊசி. ஒவ்வொண்ணுக்கும் என் கையெழுத்து. ஒரு தடவையாவது, குழந்தை எத்தனை கிலோன்னு கேட்டிருக்கலாம்."

இருவரும் பதிவேட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.